புகை வராத ஒன்று வேண்டும்

1

இந்த வருடத்தில் எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2009இல் இலங்கையில் போரின் முடிவில் நடந்தவற்றை அங்கே இருந்த நீங்கள் அறிவீர்கள். அதை லண்டனில் இருந்துகொண்டு நான் உங்களுக்கே எழுதிக்காட்டுவது அழகில்லை. ஆகவே மின்சார சிகரெட் வாங்கிய கதையை எழுதுகிறேன். உண்மையில் இது என் அண்ணையைப் பற்றியது. சிகரெட் ஒரு சாட்டு.

எனக்கு ஐம்பத்துநான்கு வயது. பதினேழு வயதிலிருந்து புகைக்கிறேன். அண்ணைக்கு அறுபத்துமூன்று. அவர் தன் வாழ்க்கையில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. நான் புகைப்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த முப்பத்தேழு வருடத்தில் அவர் முன்னால் நான் ஒரு சிகரெட்டை வாயில் வைத்தது கிடையாது. இதற்கு உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே வளர்ந்த என் மகள் ஆரணிக்கு மூன்று தரம் விளக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை.

அண்ணைக்குத் தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊரில் ஒரு கடை இருக்கிறது. பால், பாண், பத்திரிகை, லொத்தர், சிகரெட் எல்லாம் விற்கும் மூலைக்கடை. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு நான் லண்டனுக்கு வந்தபோது அவர் என்னைக் கடையில் சேர்த்துக்கொண்டார். அண்ணி காலமான பிறகு கடைக்கு மேலே உள்ள அறையில் தனியாகவே இருந்தார். நாளுக்குப் பத்து மணிநேரம் நாங்கள் இருவரும் ஒரே கவுண்டருக்குப் பின்னால் நின்றோம். அந்தப் பத்து மணிநேரத்தில் நான் எட்டுத் தரம் பின்முற்றத்துக்குப் போவேன். வெற்றுப் பால்கூடைகளை அடுக்குகிறேன் என்று பெயர்.

அண்ணைக்குப் பின்முற்றத்தில் ஏதாவது அலுவல் வந்தால், கதவைத் திறப்பதற்கு முன் ஒருமுறை செருமுவார். நான் சிகரெட்டை மதிலுக்கு அப்பால் எறிவேன். ஐந்து எண்ணும் நேரம் பொறுத்துக் கதவைத் திறந்து, பால் எத்தனை பெட்டி கிடக்கிறது என்று கேட்பார். எத்தனை கிடக்கிறது என்று அவருக்கு ஏற்கனவே தெரியும்.

மதிலுக்கு அப்பால் ஒரு சலூன். அதை நடத்தும் பெண் நகரக் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதிப்போட்டாள். கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் வளவிலிருந்து சிகரெட் கட்டைகள் வீசப்படுகின்றன, இரண்டு கிழமைக்குள் விளக்கம் தரவும். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன் கையெழுத்திலேயே பதில் எழுதினார்: இந்தக் கடையில் புகைக்கும் பழக்கமுள்ளவர் எவரும் இல்லை. அதை எனக்கு வாசித்தும் காட்டினார். ஆங்கிலம் சரியோ என்று கேட்டார். சரி என்றேன்.

அடுத்தநாள் பின்முற்றத்தில், மதிலுக்கு எங்கள் பக்கமாக, பாதி மண் நிரப்பிய ஒரு தகர வாளி இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன்.

"நெருப்புக் கிருப்புப் பிடிச்சால் உதவும்" என்றார் அண்ணை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் கடையில் என்னைத் தவிர யாரும் வாங்காத ஒருவகை சிகரெட் இருந்தது. அதற்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. ஓடர் போடுகிறவர் அண்ணை.

2

பெப்ரவரி மாதம், குரொய்டனில் ஒரு கடைத்தொகுதிக்குள் சின்னத் தள்ளுவண்டி ஒன்றில் மின்சார சிகரெட் விற்பதைக் கண்டேன். பார்வைக்கு அசல் சிகரெட் மாதிரி வெள்ளைக் குழாய், செம்மஞ்சள் நுனி. உள்ளே பற்றரி. இழுத்தால் ஆவி வரும், நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. எனக்கு உடனே பின்முற்றத்து நினைவு வந்தது. மணமில்லாவிட்டால் கடைக்குள்ளேயே, களஞ்சிய அறையில் நின்று இரண்டு இழுவை இழுக்கலாம்.

விற்பவன் இளைஞன், உற்சாகமாகப் பேசினான். இது மணக்குமோ என்று கேட்க நினைத்த நான், நீ மணக்கிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். எட்டு வருடமாகியும் அவசரத்தில் என் ஆங்கிலம் ஜெர்மன் வழியாகத்தான் வருகிறது; அந்த மொழியில் சிகரெட்டைக் குறிக்கும் 'அது'வும் 'நீங்கள்' என்பதும் ஒரே சொல். அவன் தன் சட்டைக்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, இல்லையென்று நினைக்கிறேன் என்றான். முப்பத்தைந்து பவுண் கொடுத்து வாங்கினேன்.

அதில் ஒரு குறை இருந்தது. இழுக்கும்போது நுனியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அசல் சிகரெட் குடிக்கும் உணர்வு வரவேண்டுமாம். களஞ்சிய அறை இருட்டு. கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி. இந்த வெளிச்சத்தோடு உள்ளே நின்று இழுக்க எனக்குத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போலப் பின்முற்றத்துக்கே போனேன்.

இரண்டு இழுவை இழுத்திருப்பேன். அண்ணை செருமினார்.

நான் அதை வாளிக்குள் எறிந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் வாளி நிறையத் தண்ணீர். முப்பத்தைந்து பவுண் பெறுமதியான பற்றரி ஒருமுறை சிவப்பாக மின்னிவிட்டு உள்ளே போனது. கை தன்பாட்டில் செய்த வேலை. முப்பத்தேழு வருடப் பழக்கத்துக்கு, இது எறிகிற சாமான் அல்ல என்று யார் சொல்வது?

அண்ணை கதவைத் திறந்து பால் எத்தனை பெட்டி என்று கேட்டார். ஆறு என்றேன். அன்று பின்னேரம் வாளிக்குள் கையை விட்டுத் தேடினேன், அகப்படவில்லை. மண்ணுக்குள் புதைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

3

அந்த நாட்களில் அண்ணை அடிக்கடி செருமத் தொடங்கியிருந்தார். முன்பெல்லாம் நாளுக்கு இரண்டோ மூன்றோ தரம் பின்பக்கம் வருவார். இப்போது நான் சிகரெட்டைப் பற்றவைத்தால் போதும், கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். எறிவேன். கதவு திறக்காது. மற்றொன்றைப் பற்றவைப்பேன். திரும்பவும் கேட்கும். எறிவேன்.

வீட்டில் மனைவி சாந்தியிடம் முறைப்பட்டேன்.

"அண்ணை இப்ப சும்மா சும்மா செருமிறார். ஒண்டை முழுசாக் குடிச்சு முடிக்க விடுறாரில்லை."

"அப்ப விடுங்கோவன்" என்றாள் சாந்தி.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் லண்டனில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்திவிட்டு வருகிறவர்கள் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஒருவரோடு ஒருவர் கையால் பேசிக்கொண்டார்கள். அண்ணை கடையை என்னிடம் விட்டுவிட்டு நாள்தோறும் அங்கே போனார். குரல் போய்த்தான் திரும்பி வந்தார். எல்லோரும் இருமினோம். அவரும் இருமினார். யாருடைய இருமலைப் பற்றியும் யாரும் கேட்கிற காலமாக அது இருக்கவில்லை.

மற்றவர்களுக்கு ஜூன் மாதத்தில் தொண்டை திறந்தது. அண்ணைக்குத் திறக்கவில்லை. ஜூலையில் வாய் துடைத்த கைலேஞ்சித் துணியில் இரத்தம் கண்டு, ஆரணி அவரை இழுக்காத குறையாக வைத்தியரிடம் கொண்டுபோனாள். ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியில் பெரிய வைத்தியர் முன்னால் இருந்தோம். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கட்டி. நாளுக்கு எத்தனை புகைப்பீர்கள் என்று வைத்தியர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் அண்ணை. எப்போது நிறுத்தினீர்கள் என்றார் வைத்தியர். தொடங்கவில்லை என்றார் அண்ணை. வைத்தியர் கணினியில் எதையோ தட்டினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இருமல் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டபோது அண்ணை, ஒரு இரண்டு மாதம் இருக்கும் என்றார்.

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போன வருடம் மார்கழியிலிருந்து அந்த இருமலைத் தினமும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிகரெட்டை எறிந்துகொண்டிருந்தவன் நான். எனக்கு மரியாதை தருவதற்காகச் செருமுகிறார் என்று நினைத்தேன். அது போதாதென்று எரிச்சலும் பட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. மார்கழி என்று வைத்தியரிடம் சொன்னேன். அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார்.

4

செப்டெம்பரில் சத்திரசிகிச்சை நடந்தது. நுரையீரலின் ஒரு பகுதியை எடுத்தார்கள். விம்பிள்டன் கோயிலில் சாந்தி அர்ச்சனை செய்தாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று வைத்தியரும் சொன்னார், ஐயரும் சொன்னார்.

பிறகுதான் படிவம் வந்தது. கடைக்கு மேலே உள்ள அறைக்கு இருபத்திரண்டு படி. அண்ணையால் ஏற ஏலாது. எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்ப்பதென்று நாங்கள் முடிவுசெய்திருந்தோம். ஆனால் நோயாளியை அனுப்புவதற்குமுன் அந்த வீட்டைப் பற்றி நான்கு பக்கம் நிரப்பவேண்டும். படி எத்தனை, கழிப்பறை எந்த மாடியில், நாய் உண்டா. மூன்றாம் பக்கத்தில்: வீட்டில் புகைப்பவர் உண்டா? ஆம், இல்லை. ஆம் என்றால் நோயாளியை ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவது பற்றி யோசிப்பார்களாம். அந்த இல்லத்தைப் பற்றி அண்ணை பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்திருந்தார்.

"உருளைக்கிழங்கை உப்புமில்லாமல் அவிச்சு அப்பிடியே வைப்பினமாம்" என்றார். அண்ணை அதற்குமேல் கெஞ்ச மாட்டார்.

நான் விட்டுவிட முயன்றேன் என்பதை நீங்கள் நம்பவேண்டும். தோளில் நிக்கோட்டின் பட்டை ஒட்டினேன். அதன்மேல் சட்டை போட்டுக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனேன். கவுன்சில் நடத்தும் வகுப்பு ஒன்றுக்கும் போனேன். எதைப் பார்த்தால், எதைக் கேட்டால் உங்களுக்குப் புகைக்கும் ஆசை வருகிறது என்று அங்கே கேட்டார்கள். எதைக் கேட்டால் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லலாமா என்றேன். அடுத்தவரிடம் போய்விட்டார்கள்.

கடைசியில் மின்சார சிகரெட்டுக்கே திரும்பினேன். அதைப் புகைப்பதாகக் கணக்கெடுப்பார்களா என்று ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மூன்று பேருக்கு மாற்றினார்கள். மூன்றாமவர், அதை மின்சாரத்தில் செருகவேண்டுமா என்று கேட்டார். சார்ஜ் செய்யவேண்டும் என்றேன். அப்படியானால் தீப்பாதுகாப்புப் பிரிவைக் கேளுங்கள் என்று வைத்துவிட்டார்.

ஆரணி மருந்தாளர் படிப்பு இரண்டாம் வருடம். மடிக்கணினியைத் திறந்து என்னைப் பக்கத்தில் இருத்தினாள். நூறு வகை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே வாங்கியவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். ஆவி அடர்த்தியாக வருகிறது, ஐந்து நட்சத்திரம். தொண்டையில் நன்றாகப் பிடிக்கிறது, ஐந்து நட்சத்திரம். இருட்டில் அழகாக ஒளிர்கிறது.

"உங்களுக்கு எப்படி வேணும், அப்பா?"

"பொத்தின கைக்குள்ளை அடங்கவேணும். வெளிச்சம் வரக்கூடாது. சத்தம் வரக்கூடாது. மணக்கக்கூடாது. புகையும் தெரியக்கூடாது."

"தென் வட்ஸ் த பொயின்ற்?" என்றாள். பிறகு கணினியை மூடிவிட்டு, "அப்பா, பெரியப்பாவுக்குத் தெரியும். எவ்ரிபடி நோஸ். ஜஸ்ட் சொல்லுங்கோவன்" என்றாள்.

"தெரியிறது வேறை பிள்ளை. முன்னாலை குடிக்கிறது வேறை."

"இட்ஸ் சோ ஃபேக்."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அது போலி இல்லை என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஆங்கிலமும் இல்லை, அவளுக்கு விளங்கக்கூடிய தமிழும் இல்லை. அவளுடைய சிநேகிதிகள் தகப்பன்மாரிடமே லைட்டர் வாங்குகிறார்களாம். நான் மறுபடி கணினியைத் திறந்துவிட்டேன். அவளும் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தேடினாள். நல்ல பிள்ளை.

கடைசியில் சின்னவிரல் நீளத்தில் கறுப்பு நிறமான ஒன்றைக் கண்டுபிடித்தாள். பொத்தான் கிடையாது, இழுத்தால் தானாக வேலைசெய்யும். ஒரு நட்சத்திரம்தான் பெற்றிருந்தது. ஆவி வருவதே தெரியவில்லை, பணம் வீண் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதையே வாங்குவோம் என்றேன். சீனாவிலிருந்து பன்னிரண்டு நாளில், வெளியே அன்பளிப்பு என்று எழுதிய உறையில் வந்தது. நுனியில் ஒரு நீல வெளிச்சம் இருந்தது. அதன்மேல் வயர் சுற்றும் கறுப்பு நாடாவை ஒட்டினேன். அசல் சிகரெட்டை அன்றோடு நிறுத்தினேன். அதில் பொய் இல்லை.

படிவத்தில் 'இல்லை' என்பதில் அடையாளமிட்டு, நடந்ததைத் தாதியிடம் சொன்னேன். குளோரியா என்று பெயர், பிலிப்பைன்ஸ்காரி. அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். படிவத்தின் ஓரத்தில் 'மின்சாரம்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டாள். அண்ணையை எங்கள் வீட்டுக்கு விட்டார்கள்.

5

முன்னறையில் கட்டிலைப் போட்டோம். கடைக்கு ஒரு ஆளை வைத்துவிட்டு நான் வீட்டில் நின்றேன். மத்தியானம் ஒரு மணிநேரம் மட்டும் கடைக்குப் போய்ச் சாமான் இறக்கிவிட்டு வருவேன். முன்னறைக்கு அடுத்தது சமைக்கிற குசினி, நடுவில் ஒரு மெல்லிய கதவு. குசினிக்குள் நின்று பொத்திய கைக்குள் இரண்டு இழுவை இழுப்பேன். வெளிச்சம் இல்லை, மணம் இல்லை, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் சொன்னதுபோல ஆவியும் இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சாமான் நான் கேட்டபடியே வாய்த்தது.

குளோரியா கிழமைக்கு இரண்டு நாள் வந்தாள். இப்படிச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் நன்றாக இருமவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நுரையீரலில் சளி தேங்கினால் காய்ச்சல் வரும், திரும்ப ஆஸ்பத்திரிதான், இந்த வயதில் அது நல்லதல்ல. ஒவ்வொரு மணிக்கும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்துத் தரம் பலமாக இருமச் சொன்னாள். அண்ணை தலையாட்டினார். அவள் முன்னால் இருமிக்காட்டினார். அவள் போனதும் நிறுத்திவிட்டார்.

இரண்டாம் கிழமை குளோரியா முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். சளி கட்டுகிறது. நோகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். வெட்கமா என்று கேட்டாள். அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வருவேன், இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுதுவேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் நான் கடையால் வந்தபோது சாந்தி என்னை வாசலிலேயே மறித்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் நிக்கேக்கை அவர் இருமிறேல்லை. நீங்கள் கதவைச் சாத்தின உடனை இருமத் தொடங்குறார். நீங்கள் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார்."

"ஏன், நான் என்ன செய்தனான்?"

"அதை அவரிட்டைக் கேளுங்கோ."

முன்னறைக்குப் போனேன். அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார், முகம் சிவந்திருந்தது. மேசையில் தலையணை. நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"ஏன் அண்ணை இருமாமல் கிடக்கிறியள்?"

"நோகுது."

"நோகேல்லை எண்டு தாதியிட்டைச் சொன்னியள்."

அண்ணை போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ குசினிக்கை நிப்பாய்" என்றார். "நான் சத்தம் போட்டால் எறிஞ்சுபோடுவாய். அது விலைகூடின சாமான் எண்டு ஆரணி சொன்னவள்."

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"முந்தியும் ஒண்டை வாளிக்கை போட்டனி. நான் எடுத்துக் காயவைச்சுப் பாத்தனான். வேலைசெய்யேல்லை. உன்னட்டை எப்பிடித் தாறது எண்டு தெரியேல்லை, கடை மேசை லாச்சிக்கை கிடக்கு." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்காகக் கனக்க எறிஞ்சுபோட்டாய், தம்பி. காணும், இனி எறியாதை."

அண்ணை என்னிடம் இதைப் பற்றிப் பேசியது இதுவே முதல்தடவை. அவர் நெஞ்சுக்குள் சளி கரகரப்பது நான் இருந்த இடத்துக்குக் கேட்டது. ஒரு இருமலுக்காக அவருடைய தோள் உயர்ந்தது, அதை விழுங்கிக்கொண்டார். எறியமாட்டேன், ஓடமாட்டேன் என்று நூறு சத்தியம் செய்யலாம். அவர் நம்பப்போவதில்லை. நானும் நம்பவில்லை.

நான் சட்டைப்பைக்குள் கையை விட்டு அதை எடுத்தேன். பொத்திப் பிடிக்காமல் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தேன். ஐம்பத்துநான்கு வயது, தலை பாதி நரை, திருமண வயதை எட்டும் மகள் ஒருத்தி. அண்ணைக்கு முன்னால், அவர் பார்த்திருக்க, அதை வாயில் வைத்து இழுத்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

அண்ணை முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்தார். தெருவில் ஒன்றும் இல்லை, அயல்வீட்டுக்காரருடைய வான் வண்டி நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருமுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்தார். இருமினார். எறிய என் கை உயர்ந்தது, பிடித்துக்கொண்டேன். இன்னொரு தரம் இருமினார், அடிவயிற்றிலிருந்து, கட்டில் அதிர. மூன்றாவதில் சளி வந்தது. கிண்ணத்தைப் பிடித்தேன். அவர் துடைத்துக்கொண்டு என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பவும் யன்னல் பக்கம் திரும்பினார்.

நான் எழும்பவில்லை. மறுபடி அதை வாயில் வைத்து ஒரு இழுவை இழுத்தேன்.

"இன்னும் ஏழு கிடக்கு அண்ணை" என்றேன்.